மேல் தக்கை

இப்போதெல்லாம் ஆட்களுக்கு எதையும் சோதித்துப் பார்க்கிற வியாதி வந்திருக்கிறது. தைத்துக் கொடுத்த செருப்பை வாங்கினோமா, போட்டுக்கொண்டு போனோமா என்று இல்லை. வளைக்கிறான், முகர்கிறான், தையலை நகத்தால் இழுக்கிறான், என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறான். போன மாதம் ஒருத்தன் தண்ணீர் வாளியிலேயே முக்கிப் பார்த்தான். நாற்பது வருஷமாக ஒரே மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து தோல் தைக்கிறேன். என்னை நம்பாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் யாரையும் நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

வாத்துக்காரி வீட்டு விவகாரமும் இப்படி ஒரு சோதனையில்தான் வந்து நின்றது. அதில் என் கை வேலையும் இழுபட்டது. ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நான் கூட இருந்தவன், என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தெருக்கோடியில் சேற்றுக் குட்டையை ஒட்டி அவள் வீடு. நானூறு வாத்து. அவளும் புருஷனும்தான் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பார்த்தது அவள். அவனுக்குத் தெருவில் பேர் நாளைக்காரன். கொட்டகைக் கதவுக்குக் கொண்டி போடணுமே என்றால் நாளைக்கு. வேலியில் ஓட்டை இருக்கிறதே என்றால் நாளைக்கு. கெட்டவன் இல்லை. சீட்டு விளையாடுவான், சிரிப்பான், யார் கேட்டாலும் கூடமாட ஒத்தாசை செய்வான், அதையும் நாளைக்குச் செய்வான்.

அந்த வேலி ஓட்டை வழியாகத்தான் நரி வந்தது. ஒரே விடியலில் பதினேழு வாத்து. தின்றது இரண்டு, மீதியைக் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அன்றைக்கு அவள் குட்டைக்கரையில் நின்று, பால்காரன், முட்டை எடுக்க வந்தவன், நாத்தனார் எல்லாரும் கேட்க, புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "நரியை அப்புறம் சுட்டுக்கலாம். முதல்ல உன்னைச் சுடணும்."

பொம்பளை கோபத்தில் ஆயிரம் சொல்வாள். ஆனால் இவள் வீட்டில் துப்பாக்கி இருந்தது. அவள் அப்பனுடையது. ஒற்றைக் குழல், வாய் வழியாக மருந்து போட்டு இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி. அப்பன் செத்த பிறகு உரிமம் அவள் பேருக்கு மாறியிருந்தது. சுடத் தெரிந்தவளும் அவள்தான்.

என்னிடம் அவள் வந்தது அதற்கு மறுநாள்.

"மாமா, தக்கை வேணும். மேலுக்கும் கீழுக்குமா பத்துப் பத்து."

கையில் ஒரு சின்ன வட்ட அட்டை வைத்திருந்தாள். சீட்டுக்கட்டிலிருந்து வெட்டினது, பாதி டைமன் தெரிந்தது. மருந்துக்கு மேலே ஒரு தக்கை, அதன் மேல் கொஞ்சம் சாக்குத் துணி, அதன் மேல் ஈய ரவை, ரவை கொட்டிவிடாமல் கடைசியில் ஒரு தக்கை. மருந்து மேல் வைப்பதற்கு நல்ல தோல், ரவை மேல் வைப்பதற்கு இந்த அட்டை மாதிரி மெல்லிசு. இப்படிச் சொன்னாள். நான் அட்டையை விரலால் சுண்டினேன்.

"ஏம்மா, இது மிட்டாய் டப்பா சங்கதி. குழலைச் சாய்ச்சா ரவையெல்லாம் இதோட சேர்ந்து கால்ல கொட்டும்."

"அப்பா இதான் வைப்பாரு மாமா."

"உங்க அப்பாவுக்குத் தோல் கிடைச்சிருக்காது."

அவள் அவசரத்தில் இருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் பூட்ஸின் அடித்தோலில் வட்ட உளியை வைத்து அடித்து இருபது வில்லையும் ஒரே தடிமனில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு தீக்குச்சியை ஒன்றன்மேல் ஒன்று வைத்த தடிமன். குழலுக்குள் கட்டை விரலால் அழுத்தினால் ஜம்மென்று உட்காரும். இவன் கையால் அட்டை வெட்டிக் கொடுத்தான் என்று நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது.

மூன்றாம் நாள் விடியலில் நரி மறுபடி வந்தது. அவள் சுட்டாள். நரி ஓடிப்போனது. வேலி ஓரத்திலிருந்து புருஷன் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

அவன் அங்கே என்ன செய்தான் என்பதுதான் கூத்து. பெண்டாட்டி பேசின பேச்சு உறைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நாளைக்கு என்று சொல்லாமல், யாருக்கும் தெரியாமல் இருட்டோடு எழுந்துபோய், குந்தி உட்கார்ந்து வேலி ஓட்டைக்குக் கம்பி கட்டியிருக்கிறான். ஒரே ஒரு நாள் இன்றைக்கு என்று எழுந்தான். காதில் ரவை.

கம்பவுண்டர்தான் எடுத்தார். காது மடலின் மேல் ஓரத்தைத் துளைத்துக்கொண்டு மண்டையோட்டில் முட்டித் தோலுக்கடியில் நின்றிருந்ததாம். இன்னும் ஒரு விரற்கடை முன்னால் என்றால் கண் என்றார்.

அன்றைக்கே அவன் அக்கா வந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பக்கத்துத் தெருதான். தெரு முழுக்க அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடும், அவளை விட மூத்தவர்களும். புருஷன் செத்த பிறகு தம்பிதான் அவளுக்கு எல்லாம்.

"நரி இருந்த இடத்துக்கும் எந்தம்பி இருந்த இடத்துக்கும் மூணு எட்டு," என்று என் படிக்கட்டுக்குக் கீழே நின்றே சொன்னாள். "நான் கால்வச்சு அளந்தேன். நாப்பது எட்டு தூரத்துல நின்னு நரியைக் குறி வச்சவளுக்கு மூணு எட்டு தப்புமா? கண்ணு போன இடத்துக்குத்தானே கை போகும்."

"அவன் அங்க இருந்தது அவளுக்குத் தெரியாதுங்கிறாளே."

"ஒரே பாயில படுக்கிறவளுக்குப் பக்கத்துல ஆள் இல்லாதது தெரியாதா? நீங்க சொல்லுங்க."

நான் என்னத்தைச் சொல்ல. எனக்குப் பாய் தனி.

பத்தொன்பது நாள் ஓடிவிட்டது. இவன் போகவுமில்லை, அவள் கூப்பிடவுமில்லை. பெரியக்கா ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறாள் என்று பேச்சு. கொடுத்தால் துப்பாக்கி போகும், அவளும் உள்ளே போவாள். வாத்தை நரி பார்த்துக்கொள்ளும்.

இருபதாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், அவள் என்னிடம் வந்தாள். கால் முட்டி வரை சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"மாமா, அன்னைக்குக் குடுத்த மாதிரியே அச்சு அசலா ஒரு பத்து வில்லை வேணும்."

"இருந்ததெல்லாம் என்ன ஆச்சு?"

"வாத்துத் தண்ணித் தொட்டியில விழுந்து ஊறிப்போச்சு. அண்ணிகிட்ட ஆள் சொல்லி அனுப்பியிருக்கேன். நாளைக்குக் காலையில வரச் சொல்லி. கொட்டகைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டேன். அதுல நரி படம் போட்டு, அன்னைக்குப் போட்ட அதே மருந்து, அதே ரவை, அதே தக்கை, அதே நாப்பது எட்டுல நின்னு சுடறேன். ரவை எங்கெங்க போகுதுன்னு அவங்களே பார்க்கட்டும். மூணு எட்டு தள்ளிப் போகலேன்னா நானே ஸ்டேஷனுக்கு வர்றேன்."

"போச்சுன்னா?"

அவள் நான் தோலை வைத்து அடிக்கிற கட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "போச்சுன்னா போச்சு."

எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது. ரவை சிதறினால் யார் தலையில் விடியும்? துப்பாக்கி அவள் அப்பனுடையது. மருந்து கடையில் வாங்கினது. மிச்சம் இருப்பது என் தோல். இருபது நாளாக இவள் யோசித்து யோசித்து என் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

"சாயங்காலம் கொண்டாந்து தர்றேன், போ," என்றேன்.

அதன் பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. காற்று வேறு அன்றைக்கு ஒரு திசையில் நில்லாமல் அலைந்தது. தெருப் புழுதி மாடிப்படிக்குக் கீழே சுழன்று சுழன்று வந்து பசையில் ஒட்டியது. ஒரு செருப்புக்கு வாரைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி அதையே செய்தேன். டீ சொன்னேன், ஆறிப்போய்க் கிடந்தது. அடித்தோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தோல் கத்தியும் கையில் இருந்தது.

ஒளிக்காமல் சொல்கிறேன். வில்லையை மெல்லிசாகச் சீவினால் என்ன என்று தோன்றியது. தடிமனில் பாதியைச் சீவிவிட்டால் யாருக்குத் தெரியும்? ரவை சேர்ந்தாற்போல் போகும். என் தோல் மேல் பழி வராது. அவள் மேல் வரும். வந்தால் வரட்டும், அவள் வேண்டுமென்றே சுடவில்லை என்று எனக்கு என்ன தெரியும்? நான் அங்கே நின்றேனா? ஒரு வில்லையைச் சீவியும் பார்த்தேன். விளிம்பு பிசிறிக்கொண்டு, நடுவில் குழிந்து, நாய் கடித்த ரொட்டி மாதிரி வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கண்றாவியை என் கையால் ஒருத்தியிடம் கொடுப்பதா? தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு, நல்ல கனமான இடமாகப் பார்த்துப் பத்து வில்லை அடித்தேன். அவளுக்காக இல்லை. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாயங்காலம் கொண்டு போனபோது அவள் வாத்துகளை அடைத்துக்கொண்டிருந்தாள். நீளக் கழியின் முனையில் துணி கட்டி, குட்டையை இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. இரண்டு ஆள் வேலை. ஒரு பக்கம் ஓட்டினால் மறுபக்கம் பிரிந்து ஓடியது. இடுப்புச் சேலையை இறுக்கிக்கொண்டு அவளும் தண்ணீரில் இறங்கினாள். கொட்டகை வாசலில் ஒரு பலகை பாதி சாய்ந்து கிடந்தது. முதலில் வந்த வாத்து அதில் முட்ட, பின்னால் வந்ததெல்லாம் அதன்மேல் முட்டி, ஆளுக்கு ஒரு பக்கமாகச் சிதறி மறுபடி குட்டைக்கே போனது. அவள் ஓடி வந்து பலகையை எடுத்து எறிந்தாள். அப்புறம் ஒரே வரிசையாக, கழுத்தை நீட்டிக்கொண்டு, மொத்தமும் உள்ளே போனது.

"பார்த்தீங்களா மாமா," என்றாள் மூச்சு வாங்க.

"எதை?"

"ஒண்ணுமில்லை. உக்காருங்க. முட்டை அவிக்கிறேன்."

அவித்த முட்டையும் உப்பும் மிளகும் கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை. பேசிக்கொண்டே ஈரமான வைக்கோலை மாற்றினாள், தவிட்டில் நத்தையை நசுக்கிப் பிசைந்தாள், நாளைக்கு வேண்டிய வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். வீட்டுக்குள் பாய் ஒன்றுதான் விரித்திருந்தது, ஆனால் தலையணை இரண்டு இருந்தது. கொக்கியில் அவன் சட்டை துவைத்துத் தொங்கியது. மூலையில் சீட்டுக்கட்டு அவன் விட்டுப்போன வாக்கிலேயே கிடந்தது.

"ஏம்மா, நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இவ்வளவு இல்லை. சுடணும்னு ஏன் சொன்னே?"

"கோபம் மாமா."

"கோபத்துல சொன்னது பொய்யா?"

பிசைந்த கையை நிறுத்தினாள். "சொல்றப்போ நிஜம்தான். சொல்லி முடிச்சப்புறம் இல்லை."

இப்படிப் பேசுகிறவளை எப்படி நம்புவது? வில்லையைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டேன். காற்று நிற்கவில்லை. கம்பவுண்டர் கரித்துண்டோடு வந்திருந்தார், நடுவர் மாதிரி. பெரியக்கா நாற்காலி வேண்டாம் என்று நின்றாள். நாளைக்காரன் காதில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி, அக்காவுக்கு அரை அடி பின்னால் நின்றான். வாத்துக்காரி அவனைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

பேச்சு அவ்வளவுதான்.

வெள்ளைச் சுவரில் கரியால் நரி வரைந்திருந்தது. நாய் மாதிரியும் இருந்தது, வால் மட்டும் நரி. நரியின் மூக்கிலிருந்து இடப்பக்கம் மூன்று எட்டில் ஒரு கோடு, அவன் குந்தியிருந்த இடம். பெரியக்காவே அளந்து போட்டாள். நீளமான எட்டாக வைத்தாள் என்று எனக்குப் பட்டது, சொல்லவில்லை.

வாத்துக்காரி எங்கள் கண்முன்னால் போட்டாள். குப்பியில் மருந்தைக் கும்பாரமாக எடுத்தாள். "அன்னைக்குப் பதட்டத்துல இப்படித்தான் வழிய வழிய எடுத்தேன்," என்றாள். மருந்து, என் தோல், கம்பியால் இடி. சாக்குத் துணி, இடி. ரவை ஒரு குப்பி. மேலே என் தோல், இடி. சுத்தியல் அடிக்கிற இடத்தில், மருந்தைப் பற்றவைக்கிற கேப் ஒன்றை வைத்தாள். நாற்பது எட்டில் நின்று தோளில் சாத்தினாள். குட்டையில் இருந்த வாத்துகளெல்லாம் அவளையே பார்த்தன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

வெடித்தது. புகை எங்கள் மேலேயே திரும்பி வந்தது. போய்ப் பார்த்தோம்.

நரியின் உடம்பில் நாலே நாலு. நடுவில் சுளகு அகலத்துக்கு வெறும் சுண்ணாம்பு. அதைச் சுற்றி வேலி கட்டினது மாதிரி ரவைப் புள்ளிகள். கம்பவுண்டர் ஒவ்வொன்றையும் கரியால் வட்டமிட்டுக்கொண்டே போனார். இடப்பக்கம் கடைசிப் புள்ளி இரண்டு எட்டில் நின்றது.

"ரெண்டு," என்றாள் பெரியக்கா. "மூணு இல்லை."

"ரெண்டே எவ்வளவு தூரம் அண்ணி," என்றாள் அவள்.

"எந்தம்பி ரெண்டுல உக்காரல. மூணுல உக்கார்ந்தான்."

நாளைக்காரன் கோட்டையும் புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னொரு தரம் சுடட்டுமேக்கா."

"நீ சும்மா இரு. காது போனது உனக்கு, வாய் என்கிட்ட இருக்கட்டும்."

மறுபடி அதே மருந்து, அதே கும்பாரம். குழலைத் துடைத்துவிட்டு இடிக்கப் போனாள். கம்பி இரண்டு தடவை குழலின் வாயில் தட்டி வெளியே போனது. வெடித்தது. இந்தத் தடவை கம்பவுண்டர் நரி பக்கமே போகவில்லை, நேராக இடப்பக்கக் கோட்டுக்குப் போனார். குனிந்தார். கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி, குந்தின ஆளின் தோள் உயரத்தில், சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு ரவை ஒட்டியிருந்தது. நகத்தால் நோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது.

"நான் காதுல எடுத்ததும் இப்படித்தான் இருந்தது," என்றார்.

பெரியக்கா அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "குருட்டுவாக்குல ஒண்ணு போகும். ஏன் போகுது? துப்பாக்கின்னா நேரா போகணும்ல?"

"தக்கை அண்ணி. மேல் தக்கை. அது கனமா இருந்தா ரவைக்கு முன்னால வழியை மறிச்சுக்கிட்டு நிக்கும். பின்னால வர்றதெல்லாம் அதுல முட்டி, மூலைக்கு ஒண்ணா ஓடும். மெல்லிசா இருந்தா பிச்சுக்கிட்டுப் போயிரும். நேத்து வாத்து அடைக்கிறப்போதான் எனக்கே புரிஞ்சுது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதிர்பார்த்ததுதான்.

"தோல் வழி மறிக்காது," என்றேன். "நல்ல தோல் எங்கேயும் மறிக்காது. காத்து அடிக்குது, பார்க்கலையா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சீட்டு வில்லைகள்.

"ஏய், என் கட்டா?" என்றான் நாளைக்காரன்.

"ரெண்டே சீட்டுதான் வெட்டினேன்."

"எந்த ரெண்டு?"

"காதை விடச் சீட்டு பெரிசா? ராஜா, ராணி எதையும் தொடலை. போ."

மருந்தைக் குப்பியின் வாய்மட்டத்துக்கு விரலால் வழித்தாள். ரவையும் அதே குப்பி, அதே மட்டம். அடியில் என் தோல். மேலே சீட்டு. சுட்டாள். சத்தமே வேறு மாதிரி, கொஞ்சம் தணிந்து வந்தது. நாங்கள் அவளுக்கு முன்னால் நடந்தோம்.

நரி முழுக்கப் புள்ளி. மூக்கு, வயிறு, வால் எல்லாம். இரண்டு கையை விரித்தால் அடங்குகிற அளவுக்குள் எல்லாம் இருந்தது. நடுவில் ஓட்டை இல்லை. கம்பவுண்டர் எண்ணிக்கொண்டே வந்து எழுபதைத் தாண்டினதும் விட்டுவிட்டார்.

"ஏம்மா," என்றேன். "மருந்தையும் குறைச்சே, மேல் தக்கையையும் மாத்தினே. எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்? கும்பாரமா அள்ளிப் போட்டுட்டு என் தோலைச் சொன்னா?"

"பெரியவர் கேக்கிறது நியாயம்," என்றார் கம்பவுண்டர்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். தலையை ஆட்டினாள். "சரிதான் மாமா." மருந்தை மட்டமாக வழித்தாள், மேலே என் தோலை வைத்தாள், சுவரின் அந்தக் கோடியில் ஒரு வட்டம் போட்டுச் சுட்டாள். நடுவில் மறுபடி ஓட்டை. அகலம் கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் ஓட்டை ஓட்டைதான். ஒரு ரவை கொட்டகைக் கூரைக்கே ஏறியிருந்தது.

"காத்து," என்றேன். யாரும் கேட்கவில்லை.

சுவருக்கு முன்னால் புல்லில் என் வில்லை ஒன்று கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழி. ரவை அழுந்தின மாதிரி. கீழே கிடந்த சரளைக்கல்லில் விழுந்தாலும் இப்படி ஆகலாம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

பெரியக்கா அவளிடம் போய் நின்றாள். "அப்போ அன்னைக்கே இந்தச் சீட்டை வச்சிருக்க வேண்டியதுதானே? கனமா ஏன் வச்சே? யார் வைக்கச் சொன்னா?"

மெல்லிசாகக் கேட்டேன், மாமாதான் மாட்டேன் என்றார் என்று அவள் சொல்ல ஒரு மூச்சு போதும். அவள் குழலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "வச்சது நான்தான் அண்ணி. தப்பு என்னுது."

அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன். இப்போது எதைப் பேச?

பெரியக்கா அசையவில்லை. "ரவை சிதறும்னு காட்டிட்டே. சரி. ஆனா மனசுல என்ன இருந்துச்சுன்னு சுவர்ல தெரியுமா?"

எனக்கும் அதேதான் சந்தேகம். அப்போதுதான் நாளைக்காரன் பேசினான்.

"சீட்டை வச்சு இன்னொண்ணு போடு."

அவள் போட்டாள். இன்னொரு தடவை சுவரைக் காட்டத்தான் கேட்கிறான் என்று எல்லாரும் நினைத்தோம். அவள் கேப்பை வைத்து நிமிர்ந்தபோது அவன் நடந்துபோய், நரிக்கு இடப்பக்கம், மூன்று எட்டுக் கோட்டில், முதுகைச் சுவரில் சாய்த்துக் குந்தி உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே.

"தம்பி," என்றாள் பெரியக்கா.

"சுடு," என்றான் அவன். "இந்தப் பக்கம் ஒண்ணும் வராதுல்ல? நீதானே காட்டினே."

"எந்திரி."

"எந்திரிக்க மாட்டேன். நரியைச் சுடு."

"எந்திரிச்சு வா. விளையாடாதே."

"அப்புறம் இவங்க எல்லாம் எப்படி நம்புவாங்க? நான் எப்படி நம்புறது? சுடு."

அவள் துப்பாக்கியின் சுத்தியலை மெதுவாக இறக்கினாள். கேப்பை நகத்தால் நெம்பி எடுத்துக் கீழே போட்டாள்.

"நம்பாட்டிப் போ," என்றாள். "உங்கக்கா ஸ்டேஷனுக்குப் போகட்டும். ஒரு துண்டுச் சீட்டை நம்பி உன் பக்கம் குழலைத் திருப்ப மாட்டேன். ஆயிரம் தரம் நேரா போயிருந்தாலும் மாட்டேன். போங்க எல்லாரும்."

சொல்லிவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பெரியக்கா அவளிடம் போனாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் கிடந்த கேப்பைப் பொறுக்கி அவள் கையில் வைத்தாள்.

"இதை மிதிச்சிடப் போறே. பத்திரமா வை." பிறகு சுவரைப் பார்த்துக் கத்தினாள். "டேய், எந்திரிச்சு வாடா. சுண்ணாம்பு முதுகெல்லாம் ஒட்டியிருக்கும். உன் துணி இன்னும் எங்க வீட்டுலதான் கிடக்கு, சாயங்காலம் வந்து எடுத்துக்கிட்டுப் போ."

அவன் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தான். பெண்டாட்டி முன்னால் நின்றான்.

"அந்த வேலியை அடைச்சிரு," என்றாள் அவள், நிமிராமல்.

"நாளைக்கு."

பெரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கம்பவுண்டர் சிரித்தார்.

"நாளைக்கே அடை," என்றாள் வாத்துக்காரி. "என்கிட்ட சொல்லிட்டு அடை."

நான் அவர்கள் முட்டை அவிக்கும் வரை நிற்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வேலி தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, அடியில வைக்கிறதுக்குத் தோல்தான் வேணும். அதை அடிச்சுக்க ஒண்ணும் இல்லை. அடுத்த வாரம் ஒரு இருபது வில்லை."

"பார்க்கலாம்," என்றேன்.

நடந்துகொண்டே யோசித்தேன். எல்லாரும் கண் கலங்கி நிற்கிறார்கள். ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா? சீட்டு அவ்வளவு உத்தமம் என்றால், ஒரு ரவைகூட விலகாது என்றால், இவள் ஏன் சுடவில்லை? அவளே நம்பாததை என்னை எப்படி நம்பச் சொல்கிறார்கள்? என் தோலுக்கு மட்டும் மூன்று சோதனை, சீட்டுக்கு ஒன்றே ஒன்று. மனசில் என்ன இருந்தது என்பதும் அப்படியேதான் இருக்கிறது. இறக்கின துப்பாக்கியைப் பார்த்து ஊரே உருகினால், நானும் உருக வேண்டுமா? சட்டைப்பையில் வில்லை கிடந்தது. கட்டை விரல் அதன் குழிகளில் போய்ப் போய் நின்றது. சரளைக்கல், வேறொன்றும் இல்லை.

வாய் வழி போட்ட மருந்தைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு, சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும். அது எனக்கும் தெரியும். குட்டையின் மறுகரை மண்மேட்டைப் பார்த்துத்தான் சுடுவாள், எனக்கு நேர் எதிர்ப்பக்கம். அதுவும் தெரியும். இருந்தாலும் பின்னால் வெடித்தபோது என் கை தானாக எழும்பிக் காதைப் பிடித்தது.

காது இருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.